நோட்டில் எழுதாத தாகம்

அன்புள்ள அப்பா,

பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறீர்கள். எழுந்து வந்து நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இப்போது உங்கள் தாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அதை விடும்மா, பழகிடுச்சு" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் போடலாமா என்று கேட்டதற்கு, "எனக்கு மட்டுமா இந்த நோய், போடு" என்றீர்கள். போடுகிறேன்.

முதலில் அந்த நோட்டு.

இதயச் செயலிழப்பால், அதாவது இதயத்தின் பம்பிங் குறைந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய அன்று, குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, எடை, எத்தனை மணிக்கு எத்தனை மில்லி. தேநீர், சூப், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் என எல்லாம் அதில் ஏறியது. எட்டு மாதமாக ஒரு நாளும் விட்டதில்லை. செக்கப்பில் அந்த நோட்டைப் பார்த்துப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது புரட்டிப் பார்க்கிறேன். இத்தனை பக்கத்தில் ஓர் இடத்தில்கூட உங்களுக்குத் தாகம் எடுத்ததா என்று இல்லை. நான் கேட்டதே இல்லை.

போன மாதம் ஒரு ராத்திரி குளியலறைக் குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். யாரும் விழித்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் திறந்த குழாய். கதவைத் தள்ளியதும், வாயிலிருந்து கையை எடுத்தபடி திரும்பினீர்கள். நான் அப்போது சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை. திருடிய பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டினேன். "வாய்தாம்மா கொப்பளிச்சேன்" என்றீர்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாத்திரை தொண்டையில் சிக்கி இருமினீர்களே, அன்றுதான் மற்றது தெரிந்தது. காலையில் போடும் ஏழு மாத்திரையையும் வெறும் எச்சிலில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரை ராத்திரிக்கு மிச்சம் பிடிக்க. "பகல்ல எப்படியோ ஓடிடுது. ராத்திரிதான் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது, வேற எதையுமே நினைக்க முடியல." எட்டு மாதத்தில் உங்கள் தாகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அந்த ஒரு முறைதான். அதற்கும் மாத்திரை சிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். அதுவரை என் மனதில் இருந்த கணக்கு இது: உடம்பில் தண்ணீர் குறைந்தால் தாகம் வரும், உங்கள் உடம்பிலோ தண்ணீர் கூடித்தான் கிடக்கிறது, ஆகவே உங்களுக்கு வருவது தாகமே இல்லை, பழக்க தோஷம். முழுத் தப்பு அப்பா.

தண்ணீர் தேங்கும் இடம் ஒன்று, உடம்பு அளந்து பார்க்கும் இடம் வேறொன்று. கணுக்காலில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று மூளை பார்ப்பதில்லை. கழுத்திலும் மார்பிலும் உள்ள பெரிய தமனிகளின் சுவரில் இருக்கும் அழுத்த உணரிகள் சொல்வதைத்தான் அது கேட்கிறது. இதயம் ஓங்கித் தள்ளாததால் அந்தத் தமனிகளில் ரத்தம் நிறைவாக ஓடுவதில்லை. ரத்தம் இழந்தவருக்கும், நாளெல்லாம் தண்ணீர் கிடைக்காமல் தவித்தவருக்கும் உள்ளே என்ன தகவல் போகுமோ, ஏறக்குறைய அதேதான் உங்கள் மூளைக்கும் போகிறது: வறட்சி, தண்ணீரைப் பிடித்து வை. உடனே மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரைக் குறைக்கிறது. சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடுகிறது, அதன் வழியாக ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறுகிறது. அது ரத்தக் குழாய்களை இறுக்குவதோடு நிற்பதில்லை. மூளையில் தாகத்தைக் கிளப்பும் இடத்தையும் போய்த் தட்டுகிறது.

1970இல் எப்ஸ்டீன், ஃபிட்ஸ்சைமன்ஸ், ரோல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையைப் படித்தேன். உடம்பில் தண்ணீருக்குக் குறைவே இல்லாத எலிகளின் மூளையில் மிகச் சிறிய அளவு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியிருக்கிறார்கள். அவை போய்த் தண்ணீர் குடித்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்களைக் குழாயடிக்கு இழுத்துப் போனதும் அதே பொருள்தான். நான் அதை மன உறுதிக் குறைவு என்று நினைத்துக் கத்தினேன்.

இதன்மேல் நீர் மாத்திரை வேறு. தேங்கியதை வெளியேற்ற அது வேண்டும், அதை நிறுத்தினால் மறுபடி மூச்சு முட்டும். ஆனால் அது உப்பையும் நீரையும் ரத்தத்திலிருந்துதான் முதலில் எடுக்கிறது. கால் வீக்கம் மெதுவாகத்தான் ரத்தத்துக்குத் திரும்பி வடிகிறது. அந்த இடைவெளியில் தாகம் கூடத்தான் செய்யும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தாகம் வேறு, வாய் வறட்சி வேறு. நீங்கள் ராத்திரி வாயைத் திறந்து மூச்சு விடுகிறீர்கள், காலையில் உதடு வெடித்திருக்கிறது. அலர்ஜி மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகள் எச்சிலையே குறைத்துவிடும். சர்க்கரை ஏறியிருந்தாலும் தாகம் எடுக்கும், அதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் மூக்கடைப்புக்குப் போடுகிற அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் நாம் சொன்னதே இல்லை. அடுத்த முறை ஒன்றுவிடாமல் எடுத்துப் போகலாம்.

உப்பு விஷயத்தில் என்மேல் எனக்கே கோபம். தண்ணீரை மில்லி கணக்கில் அளந்தேன். சமையலில் உப்பைக் கண்ணளவில் போட்டேன். பாக்கெட்டில் வருகிற தின்பண்டங்களை "பாவம், அதையாவது சாப்பிடட்டும்" என்று நானே கொடுத்தேன். உப்பால் ரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே தாகம் எடுத்துவிடும். ஒரு கையால் தாகத்தை ஊட்டிவிட்டு, மறு கையால் டம்ளரைப் பிடுங்கியிருக்கிறேன். இனி உப்பையும் அளந்துதான் போடுவேன். கடையில் விற்கிற மாற்று உப்பு வேண்டாம். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும், நீங்கள் போடுகிற மாத்திரைகளில் பொட்டாசியத்தை ஏற்றுகிறவை உண்டு. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

நீங்கள் அன்று சொன்ன "கொப்பளிச்சேன்" எவ்வளவு நல்ல வழி தெரியுமா? தண்ணீர் குடித்தால் ஒரு நிமிடத்துக்குள் தாகம் அடங்கிவிடுகிறது, கவனித்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் ரத்தத்தில் சேர்ந்து அடர்த்தியைக் குறைக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்னாலேயே வாயும் தொண்டையும் மூளைக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன. குளிர்ச்சி பட்டால் அந்தத் தகவல் இன்னும் பலமாகப் போகிறது. அதனால் வாயைக் குளிர்ந்த நீரில் கொப்பளித்துத் துப்புவதும், ஒரு சின்ன ஐஸ் துண்டை நாக்கில் கரையவிடுவதும் கொஞ்ச நேரத்துக்காவது உண்மையான நிம்மதி தரும். ஐஸ் உருகினால் தண்ணீர்தான், அதை மட்டும் கணக்கில் சேர்ப்போம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். ஆஸ்திரேலியாவில் இதய நோயாளிகளிடம் நடத்திய சிறிய ஆய்வொன்றில் அது தாகத்தைக் குறைத்திருக்கிறது. உங்கள் பல்லுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். படுக்கும் முன் உதட்டுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள்.

ராத்திரிப் பங்கை இனி நான் தனியாக எடுத்து வைக்கிறேன். இருநூறு மில்லி, குளிர்ச்சியாக, உங்கள் தலைமாட்டில். யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் பயந்து குழாயைத் திறக்க வேண்டாம். மாத்திரையை மட்டும் தண்ணீரோடு விழுங்குங்கள் அப்பா. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் சில மாத்திரைகள் புண்ணாக்கிவிடும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். இந்த ஒன்றரை லிட்டர் இன்னமும் தேவையா?

நான் அதைக் கல்வெட்டாக எண்ணியிருந்தேன். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டுதலைப் பார்த்தால், ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் என்ற கட்டுப்பாட்டை நோய் கடுமையாக இருப்பவர்களுக்கும் ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் யோசிக்கலாம் என்ற அளவில்தான் சொல்கிறார்கள். 2025இல் நெதர்லாந்து ஆய்வொன்றின் முடிவு வந்தது. இதயச் செயலிழப்பு இருந்தும் நிலைமை சீராக இருந்த 504 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 1500 மில்லி என்று அளவு வைத்தார்கள். மறு பாதியை விருப்பம்போலக் குடிக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வாழ்க்கைத் தரத்தில் இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அளவில்லாமல் குடித்தவர்களுக்கு ஆபத்து கூடியதாகவும் தெரியவில்லை. தாகத்தின் தொல்லை மட்டும் அளவு வைத்தவர்களுக்கே அதிகம்.

இதைப் படித்துவிட்டு நாளையே பாட்டிலைத் தூக்கி உங்கள் கையில் கொடுக்கப் போவதில்லை. அவர்கள் நிலைமை சீரானவர்கள். நீங்கள் அந்த வகையில் வருகிறீர்களா என்பதை உங்கள் சோடியமும் சிறுநீரகமும் கால் வீக்கமும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்காமல் இருக்கப் போவதில்லை. வீக்கம் வடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. வெயில் கொளுத்துகிற நாளில், காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ படுத்தால், இதே அளவுதானா, நீர் மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்றும் கேட்கப் போகிறேன். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லை, நான் விசாரிக்கவில்லை, டாக்டர்களும் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு எடையைப் பார்த்தார்கள். தாகத்தை யாரும் தொட்டுப் பார்க்க முடியாதே.

அளக்க முடியும் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்காக உருவாக்கிய தாகக் கேள்வித்தாளை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். வாய் பஞ்சாகிவிடுகிறதா, எச்சில் கெட்டிப்படுகிறதா, அந்த நேரத்தில் எவ்வளவு தவிக்கிறீர்கள் என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். மூச்சுத் திணறலையும் வீக்கத்தையும் கேட்பதுபோல இதையும் கேட்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

எடையை விட மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், வழக்கம்போல மெஷினில் ஏறுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே போன் செய்வோம். தாகம் திடீரென்று முன்னைவிட அதிகமானாலும் சொல்லுங்கள். உள்ளே நிலைமை மாறுவதாலும் அப்படி ஆகலாம்.

நோட்டில் இன்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். தாகமே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. காலை, மாலை, படுக்கும் முன் என்று மூன்று வேளை. மில்லியை நான் எழுதுகிறேன். இந்தக் கட்டத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், உங்கள் கையெழுத்தில். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நாலு, ஐந்து என்று குறைத்து எழுதாதீர்கள். பத்து என்றால் பத்துதான். நோட்டு உங்கள் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது, பேனா உள்ளேயே சொருகியிருக்கிறேன்.

உங்கள் மகள்