தள்ளாடும் ஆடுகள்

அன்புள்ள நண்பா,

மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த இரண்டு எருமைகள், தயோசல்பேட் என்னும் நஞ்சுமுறிவு ஊசியோடு நீ போய்ச் சேர்வதற்குள் மடிந்துவிட்டன என்று எழுதியிருந்தாய். சோளத்தின் சயனைடு நமக்கு அவ்வளவுதான் அவகாசம் தருகிறது. இங்கே நியூசிலாந்தில் நான் பார்க்கும் நஞ்சோ, உயிரை நேரே எடுக்காமல் கால்களைப் பின்னவைப்பது.

இது பிப்ரவரி, இங்கு கோடையின் கடைசி. ரைகிராஸ் என்னும் மேய்ச்சல் புல் குட்டையாகிவிட்டதால் ஆடுகள் தூர் வரை கடித்து மேய்கின்றன. கால்களைப் பின்னவைக்கும் லோலிட்ரெம் பி என்னும் ஆல்கலாய்டு நஞ்சு செறிந்திருப்பதும் அந்த அடி இலையுறைகளிலும் கதிர்களிலும்தான். சும்மா நிற்கையில் தலை மட்டும் லேசாக நடுங்கும் ஆட்டை நாய் விரட்டினால் போதும், கால்கள் விறைத்து, துள்ளி விழுந்து துடிக்கும். தொந்தரவு செய்யாமல் விட்டால் சில நிமிடங்களில் எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் மேயப் போய்விடும். செத்தால், குட்டையிலோ பள்ளத்திலோ விழுந்து சாவதுதான் மிகுதி. மேய்ச்சலை மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும் என்பதால், மருத்துவனுக்கு இதில் பெரிய வேலையில்லை.

இந்த நஞ்சைச் செய்வது புல்லன்று, புல்லின் திசுக்களுக்குள் வெளியே தெரியாமல் வாழ்ந்து, விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்லும் ஒரு பூஞ்சை. 1981இல்தான் இங்குள்ள ஆய்வாளர்கள் அந்தத் தொடர்பை வெளியிட்டார்கள். நாள்பட்ட விதையில் இப்பூஞ்சை செத்துவிடும். அப்படியானால் பழைய விதையை விதைத்தால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், பூஞ்சையற்ற புல்லை அர்ஜென்டினத் தண்டு வண்டு துளைத்து அழித்தது. ஆட்டைத் தள்ளாடவைத்த அதே பூஞ்சைதான் பெராமின் என்னும் இன்னொரு ஆல்கலாய்டால் அவ்வண்டை அண்டவிடாமல் புல்லைக் காத்துவந்தது.

ஆகவே, பெராமினைச் செய்து லோலிட்ரெமைச் செய்யாத பூஞ்சை வகையைத் தேடிப் பிடித்து, ஏஆர்1 என்ற பெயரில் 2001இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த ஏஆர்37 இன்னும் பல பூச்சிகளைத் தாங்குகிறது, ஆனால் அதை மேயும் ஆடுகள் சில பருவங்களில் சற்றே தள்ளாடுவதுண்டு. அது தெரிந்தேதான் பலர் அதை வாங்குகிறார்கள். புல்லே இல்லாத காட்டைவிட நடுங்கும் ஆடு மேல் என்பது அவர்கள் கணக்கு, எனக்கும் அது தவறாகப் படவில்லை.

நம் சோளத்திலும் அந்த நஞ்சு பயிருக்குக் காவல்தான்; ஆனால் அதைச் செய்வது சோளமே என்பதால், மாற்றிவைக்க அங்கே பூஞ்சை ஏதும் இல்லை. அந்த வயலில் மறுதாம்பு துளிர்த்திருந்தால் பச்சையாக மேயவிடாதே. இளந்துளிரில்தான் சயனைடு அதிகம். முற்றவிட்டு அறுத்து, நன்றாகக் காயவைத்தபின் போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்