பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: முதலில் நெக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பலர் பிராண்டையும் பெயிண்டையும் பார்த்தே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பாடியில் விழுந்த கீறல் வாசிப்பைக் கெடுக்காது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), ஜாக் (கேபிள் செருகும் துளை), டியூனிங் கீ எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) கெட்டிருந்தால் மட்டும் தப்பிக்க வழியில்லை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கமிருந்து நெக்கின் இரு ஓரங்களையும் நீளவாக்கில் பாருங்கள். ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கினால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது, வாங்க வேண்டாம். வெறும் வளைவு என்றால் பயமில்லை. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) 17-வது ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தினால், 7-வது ஃப்ரெட்டுக்கு மேல் சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். கூடக்குறைய இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே வளைவைச் சரிசெய்ய வைத்திருக்கும் உலோகத் தண்டு) திருகிச் சரிசெய்யலாம், அது வேலை செய்தால்! விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். கீ வழுக்கினாலோ, இறுகிப்போய் அசையாவிட்டாலோ அந்தக் கிட்டாரை விட்டுவிடுவது நல்லது.

கிப்சன் லெஸ் பால் மாடல் போல ஹெட்ஸ்டாக் (டியூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதி) பின்னோக்கிச் சாய்ந்த கிட்டார் கீழே விழுந்தால், நட்டுக்கு (நெக்கின் மேல் முனையில் கம்பிகள் அமரும் பள்ளமிட்ட துண்டு) பின்னால்தான் பெரும்பாலும் முறியும். சாய்வினால் மரத்தின் ரேகை அங்கே குறுக்கே வெட்டுப்படுகிறது. போதாததற்கு ட்ரஸ் ராடுக்காக அதே இடத்தைக் குடைந்தும் இருப்பார்கள். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நகத்தால் மெல்ல வருடுங்கள். கண்ணுக்குத் தப்பும் முடியளவு கோடும் நகத்தில் தட்டுப்படும். நன்றாக ஒட்டிய முறிவு பல ஆண்டு தாங்கும். ஆனால் விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், விலையையும் குறைக்க வேண்டும்.

ஒவ்வொரு கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில்தான் தேய்மானம் அதிகம். சிறு குழிகளை அராவி மட்டமாக்கலாம். ஃப்ரெட் தட்டையாகிவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டும். மலிவான கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரமும் டியூனரில் ஒன்றாக வர வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் சிறு துண்டு) நெக்கைவிட்டுப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் நெக் பக்கமாக முன்னுக்கும் நகர்த்தினால் போதும். துருப்பிடித்த கம்பியில் இந்தச் சோதனை பொய் காட்டும்.

வால்யூம் குமிழ் கரகரத்தால் பெரும்பாலும் தூசுதான், கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லை என்று விற்பவர் கைவிரித்தால், கேபிளும் மல்டிமீட்டரும் எடுத்துச் செல்லுங்கள். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். பிக்கப்புகளை ஸ்விட்சில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் என்றால் பொதுவாக 5 முதல் 8 கிலோஓம், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் என்றால் 7 முதல் 16 கிலோஓம் வரை காட்டும். 200 கிலோஓமைத் தாண்டினால் மீட்டர் காட்டுவது வால்யூம் குமிழுக்குள் இருக்கும் மின்தடையின் அளவைத்தான்; பிக்கப்பின் காயில் அறுந்திருக்கிறது, அல்லது அதன் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை ஆம்பில் கேட்டே வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவர்