வால்டரோடு நின்றுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செர்பிய நடிகர் வெலிமிர் ஷிவோயினோவிச் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1972-இல் வெளியான ‘வால்டர் சராயெவோவைக் காக்கிறான்’ படத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது. சீனாவில் அவரைப் பெரும்புகழ் பெறவைத்த படம் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் வால்டர் கற்பனைப் பாத்திரம் என்று எழுதியிருப்பது பிழை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரை எதிர்த்த விளாதிமிர் பெரிச் என்ற தலைமறைவுப் போராளியின் புனைபெயர் அது. சராயெவோ விடுதலையான 1945 ஏப்ரல் 6 அன்றே அவர் உயிரிழந்தார்.

1933-இல் கொராசித்சா என்ற ஊரில் பிறந்து, 2016-இல் பெல்கிரேடில் மறைந்த ஷிவோயினோவிச்சின் நடிப்பை அறிய, முதலில் பார்க்கவேண்டியது அலெக்சாண்டர் பெட்ரோவிச்சின் ‘த்ரி’ (1965). போர்க்காலக் கதைகள் மூன்று. மூன்றிலும் அவர் ஒரே மனிதர், மிலோஷ். ஒன்றில், ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், நிரபராதி ஒருவன் சுட்டுக்கொல்லப்படுவதைப் பார்த்து நிற்கிறார். அடுத்ததில் ஜெர்மானியர்கள் அவரையே துரத்துகிறார்கள். கடைசியில், ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேறும் இடத்தில் அதிகாரியாக இருக்கிறார். வசனம் மிகக் குறைவு. சாவைப் பார்க்கும் கண்கள் கதைக்குக் கதை மாறுவதை அவர் முகத்திலேயே காட்டிவிடுகிறார். துப்பாக்கி ஏந்திய எத்தனையோ வேடங்களை இந்த ஒரு படத்துக்கு ஈடாகச் சொல்ல முடியாது.

இரண்டாண்டு கழித்து, அதே இயக்குநரின், ரோமா (ஜிப்சி) மக்கள் பற்றிய படத்தில் வாத்து இறகு வியாபாரி மிர்தாவாக வந்தார். 1967-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற படம் அது. வீரத்தின் சாயலே இல்லாத, முரட்டுப் பேராசைக்காரன் வேடம்.

1996-இல் வந்த ‘லெபா செலா லெபோ கோரே’ (அழகிய கிராமங்கள் அழகாய் எரிகின்றன) படத்தையும் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டும். பொஸ்னியப் போரில் சுரங்கப்பாதையில் சிக்கிய செர்பியச் சிப்பாய்களில், பழைய யூகோஸ்லாவிய ராணுவத்தின் மூத்த அதிகாரியாக வருகிறார். திரையில் அந்த நாட்டைக் காத்து நின்ற அதே முகம் இது என்பதால், அந்நாட்டு ரசிகனுக்கு அந்த வேடம் தரும் வலியே தனி.

2002-இல் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றதை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம்.

படங்களைத் தேடுவோருக்கு: பட்டியல்களில் அவர் பெயர் பெரும்பாலும், செல்லப்பெயரோடு, ‘பாத்தா ஷிவோயினோவிச்’ என்றே இருக்கும். ஷிவோயினோவிச் என்று மட்டும் தேடினால் டென்னிஸ் வீரர் ஸ்லோபோதான்தான் முதலில் வருவார். ‘நெரெத்வா போர்’ (1969) வாங்குவோர் படத்தின் நீளத்தைப் பாருங்கள். மூலப்படம் ஏறத்தாழ 175 நிமிடம். வெளிநாட்டு விநியோகத்துக்கான ஆங்கில டப்பிங் பிரதிகளில் வெட்டு அதிகம். பின்னணி இசையும் வேறு, பெர்னார்ட் ஹெர்மன் அமைத்தது. யுல் பிரின்னர், ஆர்சன் வெல்ஸ் போன்ற வெளிநாட்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஷிவோயினோவிச்சையும் மற்ற யூகோஸ்லாவிய நடிகர்களையும் முழுதாகப் பார்க்க நினைப்பவர்கள், செர்போ-குரோவேஷிய மொழி ஒலிப்பதிவு உள்ள நீளமான பிரதியையே வாங்கவேண்டும்.

இப்படிக்கு,
திரைப்படச் சங்க வாசகர், கோவை