ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டையைத் திறக்காமலே மூளையைப் பார்க்கும் கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். 1924-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்ததில் தொடங்கி, மூளையின் காந்தப்புலத்தை அளக்கும், ஹெல்மெட் மாதிரி மாட்டிக்கொள்ளும் புதிய எம்.இ.ஜி. வரை நன்றாகத்தான் போகிறது. ஆனால் இனி எந்த நரம்பு நோயும் ஸ்கேனுக்குத் தப்பாது என்ற தொனியில் முடித்திருக்கிறார்கள். அந்த மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தப்பும், நிறையவே தப்பும். ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாது. பார்க்கின்சன் நோயின் தொடக்கத்திலும் அப்படித்தான். நடுக்கம், அசைவில் மந்தம், உடல் இறுக்கம் இவற்றை டாக்டர் நேரில் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார். வலிப்பு நோயில் சிக்கல் இன்னும் அதிகம். வழக்கமான இ.இ.ஜி. இருபது, முப்பது நிமிடம்தான் ஓடும். அந்த நேரத்தில் மூளை சாதுவாக இருந்துவிட்டால் பதிவில் எதுவும் விழாது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவு இப்படித்தான் வருகிறது. இரவுத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி மறுபடி எடுப்பது அதனால்தான். ஆனால் ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரலாம்.

அப்புறம், எதைத் தேடுகிறோம் என்று சொல்லாவிட்டால் ஸ்கேனும் கைவிரித்துவிடும். சீட்டில் வெறுமனே ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று எழுதி அனுப்பினால், ஐந்து மில்லிமீட்டர் தடிமனான துண்டுகளாக எடுத்து முடித்துவிடுவார்கள். மூளையின் வெளிப்புற அடுக்கில் (கார்டெக்ஸ்) பிறவியிலேயே இருக்கும் சிறு கோளாறு அந்தத் துண்டுகளில் எளிதாக ஒளிந்துகொள்ளும். வலிப்புக்காக என்று எழுதியிருந்தால் ஒரு மில்லிமீட்டர் அளவில் எடுக்க முடியும். கருவி அதே கருவிதான்.

எம்.இ.ஜி.யைக் குறை சொல்லவில்லை. பூமியின் காந்தப்புலத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே இருக்கும் சமிக்ஞையை அது பிடிக்கிறது. மின்னலைகளைக் கலைத்துப்போடும் மண்டையோடு காந்தப்புலத்தை அவ்வளவாகக் கலைப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் வலிப்பு கிளம்பும் இடத்தைத் தேட இது பெரிய உதவி. சரி, ஆனால் அது வலிப்பு என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு. மறதி நோய்க்கும் மனநோய்களுக்கும் கட்டுரை காட்டுகிற ஆய்வு முடிவுகள் பலரின் சராசரியில் தெரிந்த வித்தியாசங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு அவை விடை ஆகாது.

ஸ்கேன் இல்லாமல் முடியவே முடியாத இடமும் உண்டு. பக்கவாதம் வந்தவருக்கு அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. போன்ற ஸ்கேன் எடுக்காமல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க முடியாது. 1971-இல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி.க்குக் கட்டுரையில் ஒரே வரி! போதாததற்கு அதையும் பெட் ஸ்கேனையும் ‘கதிர்வீச்சு இல்லாதவை’ பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். சி.டி. எக்ஸ்-ரேயில் ஓடுவது, பெட்டுக்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும். திருத்தம் வெளியிடுங்கள்.

அத்துடன் இதையும் போடலாம்: வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்தால், அவரைப் பத்திரமாக ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு, இன்னொருவர் அதை மொபைலில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்