நல்ல மனுஷன் தயவில்

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை மாசமாகக் கடிதம் இல்லை என்று நீ வட்டி போட்டு வைத்திருப்பாய், நேரில் வா, தீர்த்துக்கொள்ளலாம். சோடாபுட்டி ரிட்டையர் ஆகி இப்போது யோகா சொல்லிக்கொடுக்கிறான், நம்பினால் நம்பு. குறுவை சுமார். சம்பா நட்டாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம நிலத்துக்காரர் மேலத்தெரு ஐயா தவறிவிட்டார். காரியத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மகன், பதினாறு முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து, "அப்பா இருந்த மாதிரியேதான் நானும். ஒண்ணும் மாறாது, நீங்க பாட்டுக்கு உழுங்க" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். எனக்கு மட்டும் சுள்ளென்று கோபம் வந்தது, ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையன் மேல் ஒரு குறையும் கிடையாது. ஆனால் வாசலில் கார் சத்தம் கேட்டதும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகினாரே, அதைப் பார்த்துவிட்டேன். அவருக்கு 78 வயது. வந்தவருக்கு என் தம்பி வயசுகூட இருக்காது. யாரும் துண்டை எடு என்று சொல்லவில்லை.

அந்த ஒன்பது மா நிலமும் தாத்தா காலத்திலிருந்து எங்கள் கையில்தான் என்பது உனக்குத் தெரியும். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். ஐயா அநியாயத்துக்குக் குத்தகை ஏற்றியதில்லை. வெள்ள நிவாரணம் பட்டா அவர் பேரில் இருந்ததால் அவர் கணக்குக்குப் போனபோதுகூட, ஒரு பைசா குறையாமல் எடுத்துவந்து அப்பா கையில் கொடுத்தார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல், அதாவது சாகுபடிக் கணக்குச் சான்று, வேண்டுமென்றால் கேட்ட அன்றைக்கே ஏற்பாடு செய்வார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" இருக்கிறதே, அதைப் பற்றித்தான் உன்னோடு சண்டை. கும்பகோணம் காலேஜ் படித்துறையில் உட்கார்ந்து நீ மணிக்கணக்கில் தத்துவவாதி ஐசயா பெர்லின் புராணம் வாசிப்பாயே. 1958-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அந்த மனுஷர் பேசிய உரையை வைத்துக்கொண்டு, என்னை யாரும் தடுக்காமல் இருந்தால் அந்த அளவுக்கு நான் சுதந்திரன், என்னை ஆள்வது யார் என்பது வேறு கேள்வி, தாராள மனசுள்ள ஒரு சர்வாதிகாரியின் கீழேகூட ஒருத்தனுக்கு நிறைய சுதந்திரம் இருக்கலாம் என்பாய். சரி. அந்தக் கணக்குப்படி எங்கள் அப்பா ஆயுசு முழுக்க சுதந்திரமாக வாழ்ந்தவர். என்ன நெல் போடுவது, எப்போது நடுவது, எதிலும் ஐயா தலையிட்டதே இல்லை. அப்படியானால் அந்தத் துண்டு ஏன் கக்கத்துக்குப் போனது? பதில் சொல், வக்கீல் சார்.

உனக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் பதில் சொல்லிவிட்டார். இத்தாலியில் லூக்கா என்று ஒரு குடியரசு, அதன் கோட்டைக் கோபுரத்தில் சுதந்திரம் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். இங்கிலாந்துத் தத்துவவாதி ஹாப்ஸ் 1651-ல் அதைக் கிண்டலடித்தார்: எழுதிவிட்டால் ஆயிற்றா, சுல்தான் ஆளும் கான்ஸ்டான்டினோபிளில் இருப்பவனைவிட லூக்காக்காரனுக்கு எந்த விதத்தில் கூடுதல் சுதந்திரம் என்று. 1656-ல் அதே நாட்டு ஹாரிங்டன் திருப்பிக் கொடுத்தார் பார், அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கான்ஸ்டான்டினோபிளில் சுல்தானிடம் எவ்வளவு பெரிய அதிகாரியாக, பாஷாவாக இருந்தாலும், அவன் தன் நிலத்துக்கும் தன் தலைக்கும் எஜமானின் இஷ்டத்தில் இருக்கும் குத்தகைக்காரன்தான். லூக்காவில் துண்டு நிலம் உள்ள கடைக்கோடி ஆளுக்குக்கூட இரண்டும் சொந்தம் என்கிறார். குத்தகைக்காரன்! மூர்த்தி, அந்த ஆள் நம்ம மன்னார்குடிப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியிருப்பாரோ என்று தோன்றியது.

1997-ல் பிலிப் பெட்டிட் என்ற தத்துவவாதி இதையே எடுத்து விரித்தார். அடிமைக்கு எஜமான் நல்லவனாக வாய்த்து ஒரு நாளும் அடிக்காவிட்டாலும் அவன் அடிமைதான்; அடி விழுகிறதா என்பதல்ல பிரச்சினை, நினைத்தால் விழும் என்பதுதான். அதனால் அவன் எப்போதும் முகம் பார்த்துப் பேசுகிறான், கேட்பதற்கு முன்னால் சிரிக்கிறான். எங்கள் வீட்டில் இதற்கு மரியாதை என்று பேர்.

குத்தகைக்காரர் பாதுகாப்புக்கு 1955 சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. குத்தகை பாக்கி வைக்காமல் ஒழுங்காக உழுகிறவனை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. உரிமையைப் பதிவு செய்துகொள்ள 1969-ல் இன்னொரு சட்டமும் வந்தது. பதிவேட்டில் எங்கள் பேர் இல்லை. இப்போதாவது மனு போடலாம் என்று சொன்னதற்கு அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். "அவங்க உப்பத் தின்னுட்டு அவங்க மேலயே மனு போடுவியா? வெண்மணி நடந்தப்ப எனக்கு வெவரம் தெரிஞ்ச வயசு. 44 உசுருடா. கூலி அரைப்படி கூடக் கேட்டதுக்கு. அந்தக் காலத்துல ஐயா எங்கள ஒரு வார்த்தை ஏசினது கெடயாது." நான் என்ன சொல்ல? வெண்மணி நடந்த 1968-ஐக் கண்ணால் கண்டவருக்கு ஏசாத ஆண்டை கடவுள்தான். அளவுகோலை அந்தக் கொடுமையிலேயே ஊன்றிவிட்டார்கள், அதற்கு மேலே எதை வைத்தாலும் வரமாகத் தெரிகிறது.

இடையில் ஒன்று, உன் இன்னொரு குலதெய்வம், இங்கிலாந்துத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். 1823-லிருந்து 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம். அவர் அங்கே இருக்கும்போதுதான் 1855-ல் வாரிசு இல்லை என்று கம்பெனி தஞ்சாவூரை விழுங்கியது. 1859-ல் சுதந்திரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி, இது பின்தங்கிய சமூகங்களுக்குப் பொருந்தாது, அவர்களை முன்னேற்றும் நோக்கம் இருந்தால் எதேச்சாதிகாரமே சரி என்று நம்மைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார். இதை நீ அந்த நாளில் ஒரு தடவையாவது சொன்னாயா?

ரொம்பச் சிரிக்காதே, நான் மாட்டிக்கொண்ட இடம் இனிமேல்தான். மூத்தவள் சொல்கிறாள், "தாத்தாவுக்குத் தெரியாம மனுவ எழுதி வேற ஏதோ காகிதம்னு கையெழுத்து வாங்கிடுங்கப்பா, அவர் நல்லதுக்குத்தானே." கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்தால் தத்துவவாதி ரூசோ வந்து உட்கார்ந்துகொண்டார், 1762-ல் சொன்னாரே, பொதுவிருப்பத்துக்கு அடங்காதவனை அடங்க வைப்பது என்பது அவனைக் கட்டாயப்படுத்திச் சுதந்திரமாக்குவதுதான் என்று. உன் பெர்லின் பயந்தது இதற்குத்தான், உனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று உன்னைவிட எனக்குத் தெரியும் என்று ஒருத்தன் கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று. இந்த இடத்தில் ஆள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன், உடனே காலரைத் தூக்காதே. அப்பாவை ஐயாவின் தயவிலிருந்து மீட்டு என் தயவில் கொண்டுவந்து வைத்தால் அவருக்கு என்ன கிடைத்தது? அதனால் ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவதில்லை என்று முடிவு.

மனுவே வேண்டாம் என்ற முடிவும் இல்லை. என் பேரில், நானும் உழுகிறவன் என்ற முறையில் போட முடியுமா? கூடவே உழைத்த மகன் தகப்பன் இருக்கும்போதே உரிமை கேட்கலாமா? அந்தப் பையனுக்கு நோட்டீஸ் போகும் என்று தெரியும், அதற்கு முன்னால் நானே போனில் பேசிச் சொல்லிவிடுவேன், கோபப்படுவாரா மாட்டாரா என்று பார்ப்போம். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுது. பழைய ரசீது கேட்டால் இல்லை, ஐயா எதற்கும் ரசீது கொடுத்ததில்லை. ஊர்க்காரர் சாட்சியும் அம்மாவின் நோட்டில் இருக்கிற மூட்டைக் கணக்கும் செல்லுமா என்று சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அப்பாவோடு போனில் பேசினால் மாட்டைப் பற்றி மட்டும் பேசு.

உன்,
செல்வம்