சத்தமே போடாத கிலுகிலுப்பைப் பாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பாம்புகள் பற்றிய கட்டுரையை, மகன் வீட்டில் தங்கியிருக்கும் அரிசோனாவின் டூசான் நகரில் இருந்து படித்தேன். வால் நுனியில் கிலுகிலுப்பை போல ஒலிக்கும் கண்ணிகள் கொண்ட நச்சுப் பாம்பான கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்னேக்) மனிதரைத் துரத்தும், கடிக்கும் முன் கட்டாயம் வாலை ஆட்டி எச்சரிக்கும், அந்தக் கண்ணிகளை எண்ணினால் வயது தெரியும் என்று எழுதியிருந்தது. மூன்றும் தவறு. நடுவில் உள்ள தவறு ஆளையே சாய்த்துவிடும்.

என் பேத்திக்குப் பல்லி, ஓணான் என்றால் உயிர். ஆகஸ்டு மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் ஹீலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியைத் தேடி, வறண்ட ஓடைக்கரை வழியாக எங்களை இழுத்துச் சென்றாள். (அதன் எச்சிலில் கண்டறிந்த பொருளிலிருந்துதான் எக்ஸெனடைட் என்ற சர்க்கரை நோய் ஊசி 2005-இல் வந்தது. சர்க்கரை நோயாளியான எனக்கு அந்தப் பல்லியின் மேல் தனி மரியாதை உண்டு.) பல்லி கிடைக்கவில்லை. சப்பாத்திக் கள்ளியின் அடியில், என் மகனின் காலுக்கு நாலடி தள்ளி, மண்ணோடு மண்ணாக ஒரு பாம்பு சுருண்டிருந்தது. பேத்தியின் டார்ச் வெளிச்சம் அந்த வாலின் கறுப்பு வெள்ளை வளையங்களில் பட்டிராவிட்டால் மிதித்தே இருப்போம். வெஸ்டர்ன் டைமண்ட்பேக் என்னும் கிலுகிலுப்பைப் பாம்பு வகை என்று அவள்தான் சொன்னாள். அதுவரை அது மூச்சுக்கூட விடவில்லை. மகன் பின்வாங்கியபோது கல் உருண்டது. அப்போதுதான் சில்வண்டு போல ஓயாத ஓர் இரைச்சல் கிளம்பியது. நாங்கள் விலகி நின்றோம், அது எதிர்த் திசையில் புதருக்குள் போய்விட்டது. துரத்தவில்லை.

வாலை நொடிக்கு 50 தடவைக்கு மேல் ஆட்டக்கூடிய பாம்புதான். ஆனாலும் அதன் முதல் பாதுகாப்பு, கண்ணில் படாமல் அசையாமல் கிடப்பதே. சத்தம் கேட்கவில்லை, ஆகவே பாம்பு இல்லை என்று யாரும் நம்பிவிடக் கூடாது. வயதுக் கணக்கும் வீண்: ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் ஒரு கண்ணி சேரும், ஓர் ஆண்டில் சில முறை உரிக்கலாம், நுனியில் உள்ளவை ஒடிந்தும் விழும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம், பிள்ளைகளைப் பார்க்க அரிசோனாவின் ஃபீனிக்ஸ், சாண்ட்லர் நகரங்களின் பக்கம் வரும் என் போன்ற பெற்றோர்கள். கோடையில் பகல் வெயில் தாங்காமல் நாம் பொழுது சாய்ந்த பிறகு நடக்கப் போகிறோம். பாம்பும் அதே காரணத்துக்காக அதே நேரத்தில்தான் வெளியே வருகிறது. நம் ஆட்கள் காலில் ரப்பர் செருப்பு, கையில் டார்ச் கிடையாது, அலைபேசியில் ஊர்க்கதை. இந்த மாநிலத்தில் 13 வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் உள்ளன.

கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டச் சொல்லும், அந்தக் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்திக்கும் திருத்தம் வெளியிடுங்கள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, பனிக்கட்டி வைக்கக் கூடாது. மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அசையாமல் உட்கார்ந்து இங்குள்ள அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், பல குப்பிகள் தேவைப்படும். பெற்றோரை அழைத்து வருகிறவர்கள், எடுக்கும் பயணக் காப்பீட்டில் பாம்புக்கடி சேருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
காரைக்குடி (தற்போது டூசான், அரிசோனா)