திசு வாழைக் கன்று வளர்க்கும் ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழை போடுகிற குடும்பம் எங்களுடையது. நான் தாவரவியல் படித்தவன். போன வருசம் ஓர் ஆய்வகத்திலிருந்து வாங்கிய திசு கன்றுகளில் சில நான்காம் மாதத்திலேயே வளராமல் நின்றுவிட்டன. இலைக்காம்பு குட்டையாகி, இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விசிறிபோல் அடைந்து நின்றன. கேட்டால், தண்ணீர் சரியில்லை என்றார்கள். அதே வாய்க்கால் தண்ணீரில், அடுத்த வரிசைக் கன்று என் தோளைத் தாண்டியிருந்தது.

டிஎன்ஏவின் எழுத்து வரிசை மாறாமலே செடியின் குணம் மாறலாம் என்பது உங்களுக்குத் தெரியும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின்மேல் செடி மீத்தைல் என்ற சிறு வேதிக் குறியை ஒட்டுகிறது. முக்கியமாக, டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் தாவுகிற துண்டுகளான தாவும் மரபணுக்களை அடக்கி வைக்கத்தான். 1940களில் மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்டுபிடித்தவை அவை. 1983இல் நோபல் பரிசு வந்தது. மக்காச்சோள மரபணுத் தொகுதியில் சுமார் 85 சதவீதம் இவைதான். குறி ஏறிய சைட்டோசின், வெறும் சைட்டோசினைவிட எளிதாகத் தைமின் என்ற வேறு எழுத்தாகத் திரிந்துவிடும். அதனால் அடங்கிக் கிடக்கும் தாவிகள் தலைமுறை தலைமுறையாக எழுத்துச் சிதைந்து செத்தும் போகின்றன. இன்றைய செடிகளின் மரபணுத் தொகுதி இப்படிக் காவலும் சிதைவுமாக உருவானதுதான்.

திசு வளர்ப்பில் அந்த மீத்தைல் காவல் சில சமயம் நழுவுகிறது. எண்ணெய்ப் பனையில் நடந்ததைப் பாருங்கள். திசு வளர்ப்பில் வந்த சில மரங்களில் பழம் உருக்குலைந்து, எண்ணெய் குறைந்தது. கர்மா என்ற தாவும் மரபணுவின்மேல் இருந்த மீத்தைல் குறி போனதுதான் காரணம் என்று 2015இல் தெரிந்தது. அதற்குள் மரம் வளர்ந்து காய்க்கும்வரை காத்திருந்தவர்களின் வருசங்கள் போயிருந்தன.

எங்கள் குட்டைக் கன்றுகளுக்கும் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. குரோமோசோம் குறைந்தாலும் இப்படி வரலாம். பார்த்தால்தானே தெரியும்? கன்று தாயைப்போல் இருக்கிறதா என்று வழக்கமாக வைக்கும் டிஎன்ஏ சோதனைகள் எழுத்தை மட்டும் படிக்கின்றன, மேலிருக்கும் குறியைப் படிப்பதில்லை. அதற்கும் பழைய, எளிய வழி உண்டு. டிஎன்ஏவை வெட்டும் எச்.பி.ஏ. 2, எம்.எஸ்.பி. 1 என்ற இரண்டு நொதிகளும் வெட்டுவது ஒரே சிசிஜிஜி எழுத்து வரிசையை; இதில் சி என்பது சைட்டோசின். உள்ளே இருக்கும் இரண்டாவது சைட்டோசினில் மட்டும் மீத்தைல் இருந்தால் முதலாவது வெட்டாது, இரண்டாவது வெட்டும். தாய்க்கட்டையையும் கன்றையும் இப்படி ஒப்பிட்டால் குறி எங்கே நழுவியது என்று கொஞ்சமாவது தெரியும்.

எல்லாக் கன்றுக்கும் செய்யச் சொல்லவில்லை, ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றுக்குச் செய்யுங்கள். அப்புறம், எத்தனை முறை பிரித்துப் பிரித்து வளர்த்த கன்று என்பதைத் தட்டிலேயே எழுதி ஒட்டுங்கள். அந்த எண்ணிக்கை கூடக்கூட மாறிய கன்றுகளும் கூடும். வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

அந்தக் குட்டைக் கன்றுகளில் மூன்றை இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறோம். இலை எடுக்க யார் வந்தாலும் களக்காடு பேருந்து நிலையத்திலிருந்து நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
களக்காட்டு வாழை விவசாயி மகன்